மூன்றாம் ஆண்டுக்கு நான் தேர்ந்தெடுத்த முப்பது புத்தகங்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஞாபகம் இருக்கிறதா? கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி. மூன்றாம் ஆண்டு வகுப்பின் வாசிப்பு விழா. லோஷினி என்கிற ஒன்பது வயதுப் பெண் மேடையேறி, ஒரு முழுக் கதைப் புத்தகத்தை ஒரு சொல் பிசகாமல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள் என்று எழுதியிருந்தேன். "தமிழ் வாசிப்பு செத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் கிள்ளானுக்கு ஒரு நடை வந்து பார்க்கட்டும்" என்று சவால் வேறு விட்டிருந்தேன். அந்த வாரம் வந்த கடிதங்கள், வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள்... அப்பப்பா. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், இவ்வளவு பாராட்டு வந்ததே இல்லை.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

எனக்கு எப்படித் தெரிந்தது? விழா முடிந்ததும், லோஷினி கையில் வைத்து வாசித்த அதே பிரதியை, நினைவாக இருக்கட்டும் என்று ஒரு ஹேம்பர் பரிசுக்கூடையில் செருகிக் கொடுத்திருந்தார்கள். பிஸ்கட்டைத் தின்று தீர்த்தேன். புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது சும்மா எடுத்துப் புரட்டினேன்.

ஒன்பதாம் பக்கத்துக்கு அப்புறம் பன்னிரண்டாம் பக்கம் வந்தது.

அச்சகத்தில் ஓரம் சரியாக வெட்டவில்லை. இரண்டு தாள்கள் மேலேயும் வலது ஓரத்திலும் மடிப்போடு அப்படியே சேர்ந்திருந்தன. பத்தும் பதினொன்றும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன. பழம் நறுக்கும் கத்தியால் கீறிப் பார்த்தேன். குளம் வற்றிப்போய் நாரை தன் குஞ்சோடு கிளம்பும் இடம் உள்ளே இருந்தது. விழாவில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம் அதுதான். லோஷினி அதை ஒரு வரி விடாமல் சொன்னாளே... இந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டுதானே சொன்னாள்?

மனம் உடனே சமாதானம் தேடியது. பள்ளிக்கு இந்தப் புத்தகம் மட்டும் இரண்டு பிரதி வாங்கியிருந்தோம். இன்னொன்று ஆசிரியர் மேசையில் இருக்கும். அதில் பல தடவை வாசித்து மனப்பாடம் ஆகியிருக்கும். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

இதில் என் பங்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கூப்பிட்டார். மூன்றாம் ஆண்டுக்கு வாரம் இரண்டு பாடவேளை வாசிப்பு நடவடிக்கை ஆரம்பிக்கிறோம், முப்பது கதைப் புத்தகம் வேண்டும், "நீங்க தேர்ந்தெடுத்துக் குடுத்தா எங்களுக்குப் பெருமை" என்றார். எழுதுகிறவர்களிடம் பெருமை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சுங்கை பூலோவில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடைக்குப் போய்விட்டேன்.

வகுப்பாசிரியர் மலர்விழி கிள்ளானில் இருந்து வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். கையில் ஒரு சின்ன நோட்டு. அதில் இருபத்தெட்டு மாணவர்களின் பெயரும், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஏதோ குறிப்பும் இருந்தன. என்ன குறிப்பு என்று நான் கேட்கவில்லை. புத்தகம் தேர்ந்தெடுக்க வந்தவளுக்கு மாணவர் பட்டியல் எதற்கு?

குழந்தைப் புத்தகம் எங்கே என்றதும் கடைக்காரர் கையைக் காட்டினார். "பயிற்சி புத்தகத்துக்குப் பின்னாடி பாருங்க அக்கா. கேலண்டர் கட்டு ஒன்னு இருக்கும், அதைக் கொஞ்சம் நகர்த்திக்குங்க."

நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். என்னிடம் கொள்கைகள் இருந்தன. மொழிவளம் இருக்க வேண்டும். வர்ணனை இருக்க வேண்டும். பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அந்த நாரைக் கதையில் "கருமேகம் தன் கூந்தலை அவிழ்த்து உதறிற்று" என்று ஒரு வரி. ஆகா என்று கடையிலேயே சத்தமாக வாசித்துக் காட்டினேன். மலர்விழி சிரித்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, இது இரண்டு பிரதி வேண்டும் என்றேன்.

நடுவில் ஒரு தடவை அவர் மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு வரி. ஒரு பெண் காணாமல்போன தன் ஒற்றைச் செருப்பைப் பள்ளி முழுக்கத் தேடுகிறாள். அவ்வளவுதான் கதை. படத்தில் அவளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்.

"அக்கா, இதை எடுக்கலாமா?"

"மூணாம் ஆண்டுக்கா? இதுல என்ன இருக்கு மலர்? பாலர் பள்ளிப் பிள்ளைங்க கூட சிரிக்கும்."

அவர் அதைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தார். நோட்டையும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். ஓய்வு நேரம். கேண்டீனில் நாசி லெமாக் வாசமும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது. ஆசிரியர் மனம் உடைந்துவிடுமே, எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று ரயிலில் வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். மலர்விழியை ஓரமாக உட்கார வைத்து, கீறிய பக்கத்தைக் காட்டினேன்.

"தெரியும் அக்கா," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவளுக்கு வாசிக்க வராது. அவங்க அம்மாவுக்கும் தெரியும். வகுப்புல எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும். அன்னிக்கு ஹால்ல முன்வரிசையில இருந்தவங்களுக்குத்தான் தெரியாது."

முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது நான்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நிதானமாகச் சொன்னார். "முப்பது புக்கையும் வகுப்புல அடுக்கி வெச்சேன் அக்கா. முதல் வாரம் எல்லாரும் ஆசையா எடுத்தாங்க. முதல் பக்கத்தைத் தாண்டலை. ரெண்டாவது வாரம் படம் மட்டும் பார்த்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலை. அதுக்குள்ள விழாவுக்குத் தேதி வெச்சிட்டாங்க. நீங்க வரீங்க, இன்னும் யார் யாரோ வராங்க. நான் என்ன செய்யறது? நானே வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அவங்க அம்மாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். லோஷினிக்கு காது நல்ல காது. நாலு நாள்ல புடிச்சிட்டா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மலர்?"

"சொல்லத்தான் பிரிக்பீல்ட்ஸ் வந்தேன் அக்கா." பையில் இருந்து அந்த நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

சில பெயர்களுக்கு எதிரில் 'சொல் சொல்லாக வாசிப்பான்' என்று இருந்தது. சிலவற்றுக்கு எதிரில் 'உயிர்மெய் தடுமாற்றம்'. லோஷினிக்கு எதிரில் 'பாதி எழுத்துதான் தெரியும். கதை கேட்கப் பிடிக்கும்'. தடையில்லாமல் வாசிக்கிறவர்கள் நான்கே பேர். நான்கு மாதத்துக்கு முன்னால், கேலண்டர் கட்டுக்குப் பக்கத்தில், இதைத்தான் என்னிடம் காட்ட வந்திருக்கிறார். நான் மேகத்தின் கூந்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத்தில் அழகாக இருப்பதற்காக வருகிற வெட்கம் இல்லை. காது சுட்டது. டீ ஆறிப்போனது.

"இந்த வருஷம் விட்டா போச்சு அக்கா," என்றார் மலர்விழி. "அடுத்த வருஷம் நாலாம் ஆண்டு. அங்க யாரும் எழுத்து சொல்லிக் குடுக்க மாட்டாங்க. கட்டுரை எழுதச் சொல்லுவாங்க."

வகுப்பறைக்குப் போனோம். பின்பக்கம் வாசிப்பு மூலை. வண்ணம் அடித்து, பாய் விரித்து, என் பெயரையும் போட்டு ஒரு பதாகை தொங்கியது. முப்பது புத்தகமும் வாங்கிய மெருகு கலையாமல் நின்றன. லோஷினி என்னைப் பார்த்ததும் சிரித்தபடி ஓடி வந்தாள். நானும் அவளும் பாயில் உட்கார்ந்தோம். ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, ஆன்டிக்கு வாசித்துக் காட்டு என்றேன்.

விரலை முதல் வரியில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள். மேடையில் கேட்ட அதே ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தாள். "ஒரு ஊர்ல ஒரு நாய் இருந்துச்சு. அது லோரி மேல ஏறிக்கிச்சு. அப்பா பார்க்கவே இல்ல, ஜொகூருக்கு ஓட்டிட்டுப் போயிட்டாரு..." விரல் வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் இருந்தது ஓர் அரசனின் தராசைப் பற்றிய கதை. நாய் ஓரமாகப் படத்தில் படுத்திருந்தது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அவள் கதை நன்றாக இருந்தது.

பக்கத்து ராக்கில் மலாய்ப் புத்தகங்கள். அதில் ஒன்று வாசிக்கிறாயா என்று சும்மாதான் கேட்டேன். ஓடிப்போய் எடுத்து வந்தாள். புத்தகப் பைக்குள் பூனை புகுந்துகொண்ட கதை. கடகடவென்று வாசித்தாள். ஓரிடத்தில் நின்று எழுத்துக்கூட்டினாள். இன்னோரிடத்தில் அவளே சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள், எனக்குப் புரிந்ததா என்று.

"இது மட்டும் எப்படி வாசிக்கிற?"

"இது ஈஸி ஆன்டி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு வரி. பின்னட்டையில் நான்காம் படி என்று ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அந்த ராக்கில் மூலை மடங்கி, அழுக்குப் பிடித்துக் கிடந்தன. அங்கே படிக்கட்டு இருக்கிறது, பிள்ளை ஏறுகிறது. இங்கே நான் மாடியில் நின்றுகொண்டு, ஏறி வா கண்ணே என்று கூப்பிட்டிருக்கிறேன். ஏறத் தெரியாத பிள்ளையா இது?

இதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. நான் எழுதினேன் அல்லவா, அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஓர் அமைப்பு லோஷினியை அழைத்திருந்தது. சனிக்கிழமை, கிள்ளானில் ஒரு மண்டபம். புதிய புத்தகம் ஒன்றை அவள் மேடையில் வாசிக்க வேண்டும். புத்தகத்தை நான்தான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டுமாம்.

அந்தத் திங்கட்கிழமை மாலையே அவளுடைய அம்மா போன் செய்தார். கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது.

"அக்கா, நீங்க எழுதினதை பக்கத்து வீட்டுக்காரங்க வாசிச்சுக் காட்டினாங்க. நாலு தடவை வாசிக்கச் சொன்னேன். லோஷினி அப்பா லோரியில ஒட்டி வெச்சிருக்காரு."

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"அவளுக்கு எழுத்து இன்னும் வரலை, எனக்குத் தெரியும்லா அக்கா. ஆனா இப்படி நாலு மேடை ஏறினா தன்னால வந்துடும்தானே?"

என்ன பதில் சொல்வீர்கள் நீங்கள்? நான் "வந்துடும்மா" என்றேன். என் வாழ்க்கையில் பொய் சொல்லாதவள் இல்லை நான். ஆனால் இந்த ஒரு சொல்லைப் போல எதுவும் உறுத்தியதில்லை.

புதன்கிழமை மறுபடி பிரிக்பீல்ட்ஸ். அந்தச் செருப்புக் கதையைத் தேடிப் போனேன். பக்கத்துக்கு ஒரு வரி என்றால், சனிக்கிழமைக்குள் அவள் நிஜமாகவே எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். தடுமாறினாலும் அது அவளுடைய தடுமாற்றமாக இருக்கும். இதுதான் என் கணக்கு.

"அதுவா?" என்றார் கடைக்காரர். "ஒரே காப்பிதான் வந்துச்சு அக்கா. அப்பவே யாரோ வாங்கிட்டாங்க. திரும்ப வரலை."

"அது மாதிரி வேற?"

"மாதிரின்னா?"

சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு. வரி கொஞ்சமாக. ஆனால் குழந்தைத்தனமாக இல்லாமல். அவர் எழுந்து வந்து கேலண்டர் கட்டை நகர்த்தி என்னோடு சேர்ந்து தேடினார். அம்மா, ஆடு, இலை என்று தொடங்கும் அட்டைப் புத்தகங்கள் இருந்தன. அட்டையில் பால் புட்டியோடு ஒரு பாப்பா சிரித்தது. அதைவிட்டால் நேரே கருமேகமும் கூந்தலும்தான். நடுவில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ரயில் ஏறி கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடை. பால் புட்டி, இல்லாவிட்டால் கூந்தல். ஒன்பது வயதுப் பெண் பால் புட்டிப் புத்தகத்தை மேடையில் தூக்கிப் பிடித்தால் அவளை வகுப்பு சும்மா விடுமா?

யாரைத் திட்டுவது? பதிப்பகங்களையா? கடைக்காரரையா? திரும்பி வரும்போது ரயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். சிறுவர் கதைப் போட்டிகளுக்கு நானே நடுவராக இருந்திருக்கிறேன். குட்டி வாக்கியங்களில் எழுதி வந்த கதைகளை 'மொழிவளம் போதவில்லை' என்று குறிப்பெழுதி ஒதுக்கியிருக்கிறேன். பிறகு அவற்றை யார் அச்சடிப்பார்கள்? நாங்கள் எழுதுவது நடுவர்களுக்கு. நடுவர்கள் நாங்களே. இந்த வட்டத்துக்குள் பிள்ளை என்று ஒன்று எங்கேயும் வரவே இல்லை.

வியாழக்கிழமை காலை ஏற்பாட்டாளருக்குப் போன் செய்தேன். லோஷினியை இந்தத் தடவை விட்டுவிடுங்களேன், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றேன்.

"பேனர் அடிச்சாச்சு மேடம். பிள்ளை படத்தைப் பெருசா போட்டிருக்கோம். புக் மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். முப்பதில் இருந்தே ஒன்று. எல்லாவற்றிலும் சிறியது, அதுவும் பதினாறு பக்கம். அடுத்து மலர்விழிக்குப் போன் செய்தேன்.

"இந்தத் தடவை நான் ரெக்கார்ட் பண்ண மாட்டேன் அக்கா," என்றார். "கோவிச்சுக்காதீங்க. செவ்வாய்க்கிழமைல இருந்து அவளை அரை மணி நேரம் முன்னாடி வரச் சொல்லியிருக்கேன். பழைய பரீட்சைத் தாளுக்குப் பின்னாடி நானே வரி வரியா எழுதிக் குடுக்கிறேன். நாய் லோரியில ஏறுன கதை. இன்னிக்கு ரெண்டு வரி வாசிச்சா. இதுக்கு நடுவுல வாய்ஸ் குடுத்தா மறுபடி காதுக்குப் போயிடுவா."

ரெண்டு வரி. சனிக்கிழமைக்குப் பதினாறு பக்கம்.

சாயங்காலம் அம்மாவின் போனில் இருந்து லோஷினியே பேசினாள். "ஆன்டி, புக் டீச்சர் குடுத்துட்டாங்க. வாய்ஸ் இன்னும் வரலை. நீங்க அனுப்புங்க, ரெண்டு நாள்ல வாசிச்சிடுவேன்." எவ்வளவு நம்பிக்கை அந்தக் குரலில். வாசிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள். வேறு மாதிரி நினைக்க நாங்கள் அவளுக்கு என்ன காட்டியிருக்கிறோம்?

அனுப்பாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் பேனரில் தன் பெரிய முகத்துக்குக் கீழே அந்தப் பிள்ளை வாயடைத்து நின்றிருக்கும். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, புதன்கிழமை கடையில் வேறு வழியில்லாமல் வாங்கி வந்திருந்த பிரதியை எடுத்து போனில் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். 'பெருந்தன்மை' என்ற சொல் வரும் இடத்தில் தொண்டை கமறி இரண்டு தடவை இருமிவிட்டேன். மறுபடி முதலில் இருந்து பதிவு செய்ய மனம் வரவில்லை, ஒரு தடவை செய்ததே போதும் என்று இருந்தது. அப்படியே அனுப்பினேன். மலர்விழிக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, வெள்ளிக்கிழமை காலை லோஷினி அந்த அரை மணி நேரத்துக்கு வரவில்லையாம்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. புதுப் பாவாடை சட்டையில் லோஷினி மேடையேறினாள். முன்வரிசையில் அவள் அம்மா போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மலர்விழி வரவில்லை. பிள்ளை புத்தகத்தை விரித்துப் பிடித்து, தலை நிமிர்ந்து, சரியான இடத்தில் பக்கம் புரட்டி, கணீரென்று சொல்லிக்கொண்டே போனாள்.

'பெருந்தன்மை' வந்தது. லோஷினி இரண்டு தடவை இருமினாள்.

"நல்லா வாசிக்குது," என்றார் எனக்குப் பக்கத்து நாற்காலி அம்மா. "பாவம், சளி போல."